மெத்தைக் குழியும் ஓர் அந்தர்பல்டியும்

என் கணவர் மோட்டார் சைக்கிளோடு ஆகாயத்தில் அந்தர்பல்டி அடிப்பவர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சோபா கடை இருக்கிறது. பழைய சோபாவைப் பிரித்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் புதுசு வைத்து, துணி மாற்றித் தைத்துக் கொடுப்போம். அளவெடுக்க உங்கள் வீட்டுக்கு வந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சீட்டு உள்ள போயிடுச்சுங்க, மாத்திடலாம்" என்று ரகசியம் போலச் சொல்லிவிட்டுப் போவாரே, நாற்பத்தொரு வயது, லேசாகத் தொப்பை, அவர்தான். கடையில் துணி வெட்டுவதும் வாடிக்கையாளர்களோடு சண்டை போடுவதும் என் வேலை. தைப்பதும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்பதும் அவர் வேலை. பதினாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இந்த வம்பு ஒரு சீட் வழியாக உள்ளே வந்தது. ஒரு நாள் படப்பைப் பக்கத்திலிருந்து நாலைந்து இளைஞர்கள் மண் அப்பிய பைக் சீட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ரோட்டில் ஓட்டுகிற பைக் இல்லை; மண்ணில் ஓட்டி, மேட்டில் ஏறித் தாவுவதற்கென்றே செய்த ஒல்லியான, உயரமான வண்டியின் சீட். "பாய், கல்லு மேல குந்திகினு போற மாரி கீது பாய். ஒவ்வொரு வாட்டியும் கீழ எறங்கசொல்ல உயிரு போவுது" என்றான் ஒருவன். என் கணவர் கெட்டியான ஸ்பாஞ்சாகப் பார்த்து வெட்டி வைத்து, மேலே வழுக்காத ரெக்சின் போட்டுத் தைத்தார். பொருத்திப் பார்க்கப் படப்பைக்கே போனார். எங்கள் தொழிலில் எதைச் செய்தாலும் ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். இவரும் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலிருந்து எவனோ கிக்கரை உதைத்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்தது வேறு ஆள்.

டீ ஆறி ஆடை கட்டுகிறவரை பேசினார். முதலில் இது மண் பாதையில் யார் முந்துகிறார்கள் என்கிற பந்தயம்தானாம். மேடு பள்ளத்தில் ஓடும்போது வண்டி அங்கங்கே எம்புமாம். வெளிநாட்டில் எவனோ ஒருவனுக்கு முந்துவதில் அலுப்புத் தட்டி, எம்பும்போது ஒரு காலை வீசிக் காட்டியிருக்கிறான். கூட்டம் கை தட்டியதாம். அப்புறம் பந்தயமே வேண்டாம், எம்புவது மட்டும் போதும் என்று பாகம் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். இப்போது அங்கே இரண்டு பல்டி, மூன்று பல்டி என்று போய்க்கொண்டிருக்கிறதாம். "நம்ம ஊர்ல இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார். எனக்குத் தெரிந்து நம்ம ஊரில் இருந்ததெல்லாம், வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற பையன்களும் அவர்களுக்குப் பின்னால் போகிற போலீஸ் ஜீப்பும்தான். அதைச் சொன்னேன். "அது ரோட்டுல, தப்பு. இது தனி கிரவுண்டுல. ஹெல்மெட், நெஞ்சுக்கு கார்டு, முட்டிக்கு கார்டு எல்லாம் இருக்கு. இது ஸ்போர்ட்ஸ்" என்றார். ஸ்போர்ட்ஸ் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டே மாதத்தில் ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டார். அதற்கு லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆகவே சோபா டெலிவரிக்கு வைத்திருக்கும் குட்டியானை வண்டியிலேயே அதையும் ஏற்றிக்கொண்டு போவார். மேடவாக்கம் அபார்ட்மென்ட்டில் ஒரு அம்மா, தன்னுடைய க்ரீம் கலர் சோபாமேல் சேறு சொட்டச் சொட்ட ஒரு பைக் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. நான் திருப்பிப் பேசியதையும் எழுத முடியாது. கடைசியில் வழக்கம்போல இவர் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அந்தரத்தில் செய்கிற ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் தலைகீழாகச் செங்குத்தாகத் தூக்கினால் அதற்கு ஹார்ட் அட்டாக் என்று பெயர். கால் இரண்டையும் முன்னால் நீட்டிப் படுத்த வாக்கில் பறந்தால் டெட் பாடி. கல்யாணம் ஆன எவனும் வைத்த பெயர்களாக எனக்குத் தோன்றவில்லை. இவர் இதையெல்லாம் கடையில் ஒரு மூன்று சீட் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பழகுவார். ஒரு நாள் சேலையூரிலிருந்து துணி பார்க்க வந்த வயசான தம்பதி, இவர் சோபாவின் மேல் வாயைத் திறந்துகொண்டு நீட்டிப் படுத்து, இரண்டு காலையும் விறைப்பாகத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எடுத்துவர ஓடினார்கள். "ஒண்ணுமில்ல சார், டெட் பாடி" என்று இவர் எழுந்து உட்கார்ந்து பணிவாகச் சொன்னார். அவர்கள் துணி வாங்கவில்லை.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். ஆனால் போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறங்குகிற இடத்தில் சக்கரம் குத்திக் கீழே விழுந்து, தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற காறை எலும்பை முறித்துக்கொண்டு வந்தார். ஆறு வாரம் கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு இருந்தார். சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு திட்டு. எனக்குப் பயமாக இருந்தது. கோபம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பயம்தான். இவர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அது இவருக்கும் தெரியும், அதனால்தான் அந்த ஆறு வாரமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

கை சரியான சமயத்தில் கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் ஷோ நடத்தப் போவதாகச் செய்தி வந்தது. வெளியூர் ஆட்கள் வந்து தாவப் போகிறார்கள், உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மட்டும் இடம் உண்டு, அதற்கு ஒரு நாள் தேர்வு, தேர்வில் ஒரு பேக்ஃப்ளிப் அடிக்க வேண்டும். பேக்ஃப்ளிப் என்றால் வண்டியோடு பின்பக்கமாக ஒரு முழு அந்தர்பல்டி. படப்பையில் அதுவரை யாரும் அடித்ததில்லை.

இவர் என்னிடம் வந்து நின்றார். ஒரு மணி நேரம் பேசி முடிவுக்கு வந்தோம். பேசியது நான், முடிவுக்கு வந்தது இருவரும். தேர்வு அன்று பல்டி அடித்து, கீழே இறங்கி, விழாமல் நிற்க வேண்டும். நின்றால் வண்டி இவருடையது, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லையென்றால் மறுநாளே வண்டியை விற்றுவிட வேண்டும், அதற்கப்புறம் ஆயுசுக்கும் பைக் பேச்சு கூடாது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் படப்பைக்காரர் ஒருவர் வண்டியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அவருடைய நம்பரை என் போனில் நானே பதிந்து வைத்துக்கொண்டேன்.

"சரி" என்றார்.

"வாக்கு மாறக் கூடாது மச்சான்" என்றேன். எங்கள் வீட்டில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் என்னைக்கு மாறியிருக்கேன்?" என்றார். அதுவும் உண்மை. இந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததும் எரிச்சல் மூட்டுவதும் அந்த ஒரே குணம்தான்.

பேக்ஃப்ளிப்பை நேராக மண்ணில் பழக முடியாது. வெளிநாட்டில் நீச்சல் குளம் அளவுக்கு ஒரு குழி வெட்டி, அதில் ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கொட்டி நிரப்பி, அதற்குள் விழுந்து விழுந்து பழகுவார்களாம். படப்பைப் பையன்கள் ஜே.சி.பி. வைத்துக் குழி வெட்டிவிட்டார்கள். கேட் செய்கிற வெல்டர் ஒருவர் இரும்புத் தகட்டை வளைத்துச் சறுக்குமேடை போலத் தாவுமேடை செய்து கொடுத்துவிட்டார். ஸ்பாஞ்சுக்கு எங்கே போவது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தது எங்கள் கடையைத்தான்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இவர் எப்படியும் விழத்தான் போகிறார், விழுகிற இடத்திலாவது நான் போட்ட ஸ்பாஞ்சு இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் குழி என் பொறுப்பு. எங்கள் கடைக் கழிவு முழுவதையும் கொட்டினோம். கணுக்கால் அளவுக்கு வந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை என்று எங்கள் சொந்தக்காரர்களின் கடைகளிலிருந்து வந்த கழிவையும் கொட்டினோம், முழங்கால் வந்தது. தலைக்கு மேலே இருக்க வேண்டும் என்றார்கள். உட்காருகிற ஆளுக்கு எவ்வளவு ஸ்பாஞ்சு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். தலைகீழாக வருகிற புருஷனுக்கும் அவர் மேல் விழப்போகிற வண்டிக்கும் எவ்வளவு என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்போதுதான் மேடவாக்கத்தில் ஆஸ்டல் நடத்தும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். ஐ.டி. பையன்கள் தங்குகிற நாலு மாடி ஆஸ்டல். "மொத்த மெத்தையும் மாத்தறேம்மா. பழசு எல்லாம் சும்மாவே எடுத்துக்குங்க. இன்னைக்கே எடுத்தா ரொம்ப நல்லது" என்றார். குரலில் அவ்வளவு கனிவு. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வண்டியை அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஆஸ்டல் மெத்தையை எந்தக் காரணம் கொண்டும் கடைக்குள் கொண்டுவரக் கூடாது. மாமனார் காலத்திலிருந்து வருகிற சட்டம். அதை நாங்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தோம். ஒரு மெத்தைகூடக் கடை வாசலை மிதிக்கவில்லை. ஐந்து நடையும் மேடவாக்கத்திலிருந்து நேராகப் படப்பைக்குத்தான் போயிற்று. அந்தச் சட்டத்தை எதற்காகப் போட்டார்கள் என்பதை மட்டும் நாங்கள் யாரும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கவில்லை. குழிக்கரையிலேயே மெத்தைகளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து, நானே மேற்பார்வை பார்த்து நிரப்பினேன். தலைக்கு மேலே வந்துவிட்டது.

முதல் தாவலைப் பார்க்க நான் போயிருந்தேன். வண்டி மேடையில் ஏறியது, எழும்பியது, பின்னால் சாய்ந்தது, குழிக்குள் போய் மறைந்தது. ஸ்பாஞ்சு நாலா பக்கமும் தெறித்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் நபியின் பேரில் எத்தனை ஸலவாத்து ஓதினேன் என்று கணக்கில்லை. கடைசியில் குழியின் நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. "சூப்பரா இருக்கு! மெத்துனு இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. என் வேலையை அவர் வாய்விட்டுப் பாராட்டியது கல்யாணம் ஆன பிறகு அதுவே முதல் முறை என்பதால் நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

இரண்டு மாதம் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். பஜ்ஜி வண்டி வந்தது, ஐஸ் வண்டி வந்தது, குழந்தைகள் ஆளுக்கொரு ஸ்பாஞ்சுத் துண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். படப்பையில் அந்தக் குழந்தைகளின் வீடுகளைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஏனென்றால் இரண்டாவது வாரத்திலேயே அரிப்பு ஆரம்பித்துவிட்டது. முதலில் வேர்க்குரு என்றார், பவுடர் போட்டோம். பிறகு துணி துவைக்கிற சோப் தூளாக இருக்கும் என்று மாற்றினேன். அப்புறம் என் சந்தேகம் எறாமேல் போயிற்று. எறா சாப்பிட்டால் சிலருக்குத் தடிக்கும் அல்லவா. கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் எறா இனிமேல் வேண்டாம் என்று நிறுத்தினேன். அக்கா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மீன் கூடையோடு நேராக உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா பாயம்மா, எறா வாணாம் வாணாம்னு சொல்லிக்கினே கீறியே, இன்னா மேட்டரு?"

"அவருக்கு ஒத்துக்கலைக்கா. உடம்பெல்லாம் தடிக்குது."

"என் எறா மேலயா பழி போட்ற? இன்னிக்கு காலீல கடல்ல துள்ளிக்கினு இருந்த எறா! பாய், கைய காட்டு."

இவர் பவ்யமாகச் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். அக்கா கிட்டே குனிந்து பார்த்தார். வரிசையாக மூன்று தடிப்பு, கொஞ்சம் தள்ளி வரிசையாக மூன்று தடிப்பு.

"எறா இப்டி லைன் கட்டி கடிக்குமா?" என்று கூரை அதிரக் கேட்டார் அக்கா. "மூட்டப்பூச்சி பாயம்மா இது! மூட்டப்பூச்சி!"

சோபா கடையில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். உட்கார்ந்திருந்த மூன்று வாடிக்கையாளர்களும் ஸ்பிரிங் வைத்ததுபோல எழுந்தார்கள். "கொசு! கொசுக்கா அது!" என்று நான் கத்தியது எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கடையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வீட்டைப் புரட்டினேன், ஒன்றும் இல்லை. மண்ணோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்ற என் உத்தரவுக்குப் பயந்து, கவசத்தையும் உடுப்பையும் குழிக்கரைக் கொட்டகையிலேயே கழற்றிவைத்துவிட்டு, அங்கேயே குளித்து, லுங்கி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் இத்தனை நாளும். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. உடனே படப்பைக்குப் போனோம். குழியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெயிலில் பிளந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அந்த ஆஸ்டல்காரரின் கனிவு உட்பட. பையன்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் சொறிந்துகொண்டு நின்றார்கள். இத்தனை நாளாக ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் ஏதோ தோல் வியாதி என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறான்.

குழியை மூடி மருந்து அடித்தோம். உடுப்பையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். கவசங்களை வெயிலில் காயவைத்துத் தட்டினோம். பூச்சி ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. கேளம்பாக்கம் மைதானத்தில் நல்ல கூட்டம். மீன்கார அக்காகூட வியாபாரத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் மூன்று தாவல். முதல் இரண்டும் விருப்பம்போல, மூன்றாவது பல்டி. இவர் முதல் தாவலுக்குக் கிளம்பினார். மேடையை விட்டு எழும்பி, உச்சிக்குப் போனதும், வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தார். எடுத்து நெஞ்சுக் கவசத்துக்குள் விட்டு, பரபரவென்று சொறிந்தார். சொறிந்துவிட்டு, கையைத் திரும்ப வைத்து, அழகாக இறங்கினார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கை தட்டியது. ஷோ நடத்துகிறவர், தொப்பி போட்ட பெங்களூர்க்காரர், எதையோ எழுதிக்கொண்டார். இரண்டாவது தாவலில் இரண்டு கையையும் விட்டு, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் செருகி, முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு சொறிந்தார். மைதானமே விசில் அடித்தது. மைக்கில் பேசுகிறவர் இதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல், "பாய்! பாய்! பாய்!" என்று மட்டும் கத்தினார்.

எனக்கு மட்டும் மூன்றாவது தாவல் ஞாபகம் வந்தது. பல்டி அடிக்கும்போது இரண்டு கையும் வண்டியில் இருந்தாக வேண்டும். தலைகீழாக இருக்கும்போது இந்த மனுஷன் சொறியக் கையை எடுத்தால் அதோடு எல்லாம் முடிந்தது. புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் நுழைந்து அவரிடம் ஓடினேன்.

"கார்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்துச்சு. குழியிலேருந்து ஒரு நல்ல பீஸா பார்த்து எடுத்து... உள்ள வச்சு தச்சேன்."

அமுங்கிய எதைப் பார்த்தாலும் அதில் ஸ்பாஞ்சு வைக்காமல் இருக்க முடியாத புத்தி. மேலே எத்தனை வெயில் அடித்து என்ன, தையலுக்குள்ளே மூட்டைப்பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கின்றன. கழற்றிப் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். கவசம் இல்லாமல் மேடை ஏற விடமாட்டார்களாம். அடுத்தவர் கவசம் இவர் தொப்பைக்குப் பூட்டாது. மூன்றாவது தாவலுக்கு மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் வராவிட்டால் போனது போனதுதான்.

உண்மையைச் சொல்கிறேன். அப்போது நான் சும்மா நின்றிருந்தால் போதும். அவர் தாவியிருக்க முடியாது, பேச்சுப்படி வண்டி மறுநாள் படப்பைக்குப் போயிருக்கும், என் பயமும் அதோடு போயிருக்கும். இரண்டு மாதமாக நான் துஆவில் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்த மனுஷன் ஒன்றும் கெஞ்சவில்லை. என் மெத்தையால் வந்த வினை என்றுகூடச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "கழட்டுங்க அத!" என்று அதட்டினேன்.

கைப்பையில் கத்தரிக்கோல் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. கவசத்தின் தையலைப் பிரித்து அந்தச் சனியனைப் பிடுங்கி எறிந்தேன். எங்கள் குட்டியானையில், திரும்பும் வழியில் கொடுக்க வேண்டிய ஒரு சோபா செட் இருந்தது. புதுசு, நேற்றுத் தைத்தது, அரக்குக் கலர். அதிலிருந்து ஒரு சீட்டை இழுத்துக் குறுக்கே வெட்டினேன். உள்ளே இருந்தது கடையிலேயே உசத்தியான ஸ்பாஞ்சு. அதைப் பாளம் பாளமாகக் கீறி, அவர் நெஞ்சில் வைத்து அளவு பார்த்து, கவசத்துக்குள் திணித்து, நாலு தையல் போட்டேன். "அந்த சோபா..." என்று ஆரம்பித்தார். "மன்னிப்ப நான் கேட்டுக்கறேன், நீங்க போங்க" என்றேன். மீன்கார அக்கா ஒரு பக்கம் தன் முந்தானையால் அவர் முதுகைத் தட்டித் துடைத்துவிட்டு, "போ பாய், ஒண்ணும் கெடியாது, போ!" என்று தள்ளினார்.

போனார். மேடையில் ஏறினார். வண்டி எழும்பிப் பின்னால் சாய்ந்தது. அவர் தலை கீழேயும் சக்கரம் மேலேயுமாக இருந்த அந்த நேரத்தில் நான் அவர் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தன. "யா அல்லாஹ், அடிக்கட்டும், முழுசா அடிக்கட்டும்" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

முழுசாக அடித்தார். சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டன. பத்தடி ஓட்டினார். பிறகு முன்சக்கரம் மண்ணில் புதைந்து, வண்டி ஒரு பக்கமாக அவரை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டது. அவர் ஒரு சுற்று உருண்டு, எழுந்து, முழங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிராய்ப்புதான்.

கூட்டம் "அய்யோ" என்றது. நான் போய்ச் சேருவதற்குள் தொப்பிக்காரர் அவரிடம் ஓடி வந்துவிட்டார். "ஃப்ளிப் போனா போகட்டும் சார், அது எல்லாரும் பண்றாங்க. அந்த ஸ்க்ராச்சிங் ஐட்டம், அதை நான் எங்கயுமே பார்த்ததில்ல. ஷோல அதைப் போடுங்க. யூ ஆர் இன்" என்றார். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். இவர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"பேச்சு அது இல்ல. பல்டி அடிச்சு விழாம நிக்கணும்ங்கறதுதான் பேச்சு. படப்பைக்காரருக்கு போன் போட்டுடு" என்றார்.

நிஜமாகவே சொன்னார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"யாரு விழுந்தது?" என்றேன்.

"நான்தான். பார்த்தல்ல."

"நான் பார்த்தது எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு கால்ல நின்னீங்க. வண்டிதான் விழுந்துச்சு. வண்டி விழக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மச்சான், வாய மூடுங்க" என்றேன். மூடிக்கொண்டார். நான் புர்கா கையை மடித்துவிட்டுக்கொண்டு ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், அவர் மறுபக்கத்தைப் பிடித்தார், பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு பேரும் வண்டியைத் தூக்கி நிறுத்தினோம்.